கையை விடும்மா

இல்ல மேடம், இது உக்காந்து பேசற அளவுக்குப் பெரிய விஷயம் இல்ல. நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிடறேன். அந்த மனுவ நானும் படிச்சேன். நோட்டீஸோட ஒரு நகல் வச்சுத்தானே அனுப்பினீங்க. இருபத்து மூணு பேர் கையெழுத்து, அதுல ஒன்பது கட்டைவிரல் ரேகை. பார்வையற்றோர் சங்கத்தோட ரப்பர் ஸ்டாம்ப் வேற, அது தலைகீழா. எங்களுக்கு நடத்திக்கிட்டிருந்த பாறை ஏற்றத்தையும் மீன்பிடியையும் எந்தக் காரணமும் சொல்லாம நிறுத்திட்டாருன்னு எழுதியிருக்காங்க. எந்தக் காரணமும் சொல்லாமலா? நான் சொன்ன காரணத்தை எல்லாம் எழுதினா உங்க ஃபைல் பத்தாது மேடம்.

சரி, சரி, உக்கார்றேன். விசாரணைன்னா உக்காந்துதான் பதில் சொல்லணும்னா உக்காந்தே சொல்றேன்.

முதல்ல கயிறு பழசாயிடுச்சுன்னு சொன்னேன். அந்தச் சங்கத்துச் செயலாளர் ஒரு பாட்டு வாத்தியார். அவரு என்ன பண்ணாரு தெரியுமா? எங்க, அந்தக் கயிறக் குடுங்க பாப்போம்னாரு. அறுபது மீட்டர் கயிறு மேடம். என் தூண்டில் கடை வாசப்படியில உக்காந்து இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும் கையாலயே உருவிப் பாத்துட்டு, எங்கயும் நூல் பிரியலையே, வாங்கி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காதேன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. அப்புறம் மழைன்னேன். மழை நின்னுபோச்சு. அப்புறம் முட்டி வலின்னேன். சங்கத்துல மசாஜ் பண்றவரு ஒருத்தரு இருக்காரு, கை ஒவ்வொண்ணும் துடுப்பு மாதிரி. மறுநாளே கடைக்கு வந்து என் கால இழுத்து மடியில வச்சுக்கிட்டாரு. பத்து நிமிஷம் அமுக்கிப் பாத்துட்டு, இந்த முட்டி இன்னும் இருபது வருஷம் ஓடுமே, எங்க வலிக்குதுங்கறீங்கன்னாரு. கடையில வாடிக்கையாளருங்க நின்னு வேடிக்கை பாக்கறாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? இவங்ககிட்ட ஒரு சாக்குச் சொல்லித் தப்பிக்க முடியாது மேடம். தொட்டுப் பாத்துடறாங்க.

சாக்குன்னு சொன்னத எழுதிக்காதீங்க. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

எனக்கு என்ன எரிச்சல்னா, இருபத்தாறு வருஷமா இந்த லைசென்ஸ் வச்சிருக்கேன். பாறை ஏத்தறதுக்கு ஒண்ணு, ஏரியில மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போறதுக்கு ஒண்ணு. இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி உங்க ஆபீசுக்கு ஒரு கடிதாசு வந்திருக்கா? காசு குடுத்து வந்தவங்க ஒருத்தரும் எழுதல. சும்மா கூட்டிட்டுப் போனவங்க எழுதறாங்க. என் வீட்டுக்காரி நோட்டீஸப் படிச்சுட்டு சிரிக்கிறா. உங்க மேல புகார் இல்லைங்க இது, நீங்க வரலைன்னு அழறாங்கன்னா. அழறதுக்கு அரசாங்க முத்திரை எதுக்குன்னு கேட்டேன்.

தெரியும் மேடம், தெரியும். ஏரிக்கரையில கொட்டகை போட எனக்கு இடம் குடுத்ததே, இந்தச் சங்கத்துக்காரங்களை மாசம் ரெண்டு சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்னு எழுதிக் குடுத்ததாலதான். ஏன் நிறுத்தினேன்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. நான் இல்லைங்கல. ஆனா ஒண்ணு, சமூகத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் திட்டம்னு ஃபைல் மேல கொட்டை எழுத்துல எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வார்த்தைய மட்டும் என் காதுல போடாதீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும். நான் எழுதினது இல்ல அது. அப்புறமா வந்து சேந்த கம்பெனிக்காரங்க எழுதினது. நான் சமூகத்துக்கிட்ட என்னத்த வாங்கினேன், திருப்பிக் குடுக்கறதுக்கு? பாறைக்கிட்ட ஏழு தையல் வாங்கினேன். ஏரிக்கிட்ட ஜலதோஷம் வாங்கினேன். அதத்தான் குடுக்கணும்.

எப்படி ஆரம்பிச்சுச்சுன்னா கேக்கறீங்க? அது பெரிய தர்ம சிந்தனை எல்லாம் ஒண்ணும் இல்ல. நாலு வருஷம் முன்னாடி ஒருநாள் இந்தப் பாட்டு வாத்தியார் குச்சியத் தட்டிக்கிட்டு என் கடைக்குள்ள வந்தாரு. வந்த வேகத்துல வாசல்ல நிறுத்தி வச்சிருந்த தூண்டில் கம்பு பன்னெண்டையும் சாய்ச்சுட்டாரு. சாய்ச்சுட்டு, பாறை ஏறணும், எவ்வளவு ஆகும்னாரு. முடியாதுங்க, ஆபத்துங்கன்னேன். போயிட்டாரு. அடுத்த வாரம் வந்தாரு, அதே கேள்வி. முடியாதுன்னேன். மூணாவது தடவை வந்தப்போ கேட்டாரு, கண்ணு இருக்கறவங்க ஏறும்போது எங்க பாப்பாங்க? நான் யோசிச்சேன். மூக்குக்கு நேரா பாறைதான் இருக்கும், கை மேல எங்கயோ தடவிக்கிட்டிருக்கும்னேன். அப்ப எனக்கு எதுங்க குறையுதுன்னாரு. இந்தத் தொழில்ல அத்தனை வருஷம் இருந்தேன், அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோணினதே இல்ல.

அந்தச் சனிக்கிழமையே ஆறு பேரைக் கூட்டிட்டுப் போனேன். ஏரிக்குப் பின்னாடி இருக்கே, முப்பத்தஞ்சு அடிப் பாறை, அங்க. கீழ நின்னு கத்துவேன், வலது கை ரெண்டு மணி, இடது கால் ஏழு மணின்னு. கடிகார முள்ளு மாதிரி திசை சொல்றது, அது எங்க பழக்கம். மசாஜ்காரரு பாதிப் பாறையில நின்னுக்கிட்டு, என் கடிகாரத்துல முள்ளே கிடையாது, அது வாயால மணி சொல்லும், எனக்கு என்ன தெரியும் ஏழு மணி எங்க இருக்குன்னுன்னு கேக்கறாரு. எல்லாரும் சிரிக்கறாங்க. அப்ப ஒரு பொண்ணு சொன்னா, அண்ணா, காதுக்கு நேரா ஒரு சாண் மேலன்னு சொல்லுங்க, முட்டிக்கு நேரா நாலு விரல் வெளியன்னு சொல்லுங்க, உடம்பு இருக்கற இடம் எங்களுக்குத் தெரியும்ல. அவ்வளவுதான். அன்னையிலேருந்து நான் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்றேன், கண்ணு தெரியறவங்களுக்கும் சேத்து. அவங்களும் நல்லா ஏறறாங்க.

அவதான் ஆபரேட்டர். பெரிய ஆஸ்பத்திரில டெலிபோன் பாக்கறா. முப்பது வயசு இருக்கும், ஒல்லியா, கோடு போட்ட மாதிரி. நீங்க ஒருதடவை பேசினாப் போதும், அடுத்த வருஷம் குரலை வச்சு உங்களைக் கண்டுபிடிச்சுடுவா. பேச்சுக்கு நடுவுல யோசிக்கணும்னா, லைன்ல இருங்கண்ணாம்பா. எதிர்ல நின்னு பேசும்போதும் அதையேதான் சொல்வா. முடிச்சுப் போடறத ஒரே சாயந்திரத்துல கத்துக்கிட்டா. கத்துக்கிட்டு மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுத்தா. ஏறறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர் இடுப்பு முடிச்சையும் ரெண்டு விரல்ல ஒரு ஓட்டம் ஓட்டிப் பாத்து, சரி போங்கன்னு முதுகுல தட்டுவா. நான் கட்டினதா இருந்தாலும் பாப்பா. ஆரம்பத்துல எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு, இவ என்ன என்னைச் சோதிக்கறதுன்னு. அப்புறம் பழகிடுச்சு.

மத்தியானம் மீன்பிடி. ஐயோ, அதை நீங்க பாத்திருக்கணும். காசு குடுத்து வர்றவங்க மிதப்புக் கட்டையையே முறைச்சுப் பாத்துக்கிட்டிருப்பாங்க. இவங்க தூண்டில் நூலை ஆள்காட்டி விரல் மேல போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. மீன் வாயை வச்சாலே தெரிஞ்சுடும். ஒருநாள் அவங்க பதினோரு மீன், நான் ஒண்ணு. அந்த ஒண்ணும் செருப்பு நீளம்கூட இல்ல. வாத்தியாரு இருக்காரே, யாரும் மூச்சு விடக்கூடாது, மீன் ஓடிடும்பாரு. அஞ்சு நிமிஷத்துல அவரே பாட ஆரம்பிச்சிடுவாரு. பிடிச்சதை எல்லாம் தடவிப் பாத்துட்டுத் திருப்பி ஏரியிலேயே விட்டுடுவாங்க. என் வீட்டுக்காரி பெரிய பாத்திரத்துல சாப்பாடு செஞ்சு அனுப்புவா. சொன்னா நம்ப மாட்டீங்க, முந்தின நாள் வெள்ளிக்கிழமையே எனக்கு உடம்பு லேசாயிடும். நான் சேவை செஞ்சேன்னு எழுதியிருக்காங்களே, எனக்குச் சிரிப்பா வருது. எனக்கு மாசத்துல அந்த ரெண்டு நாள்தான் நல்ல நாளு.

இதுல மண்ணள்ளிப் போட்டது யாருன்னா என் மச்சினன். வீட்டுக்காரியோட தம்பி. படகு அவன்தான் ஓட்டறான், நல்லா ஓட்டுவான், அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டான். எங்கயோ ஒரு கம்பெனிக்காரரு மீன் பிடிக்க வந்தப்போ இந்தச் சனிக்கிழமைக் கதைய எல்லாம் அவுத்து விட்டிருக்கான். அவங்க உடனே, நாங்க தத்து எடுத்துக்கறோம்னு வந்துட்டாங்க. புது ஹெல்மெட் குடுத்தாங்க, புதுக் கயிறு குடுத்தாங்க, வேணாம்னு சொல்ல முடியுமா? அதோட பனியனும் குடுத்தாங்க. ரெண்டே அளவு, ஒண்ணு வாத்தியாருக்குப் பத்தல, இன்னொண்ணு ஆபரேட்டருக்கு நைட்டி மாதிரி தொங்குது. முதுகுல இந்தத் திருப்பிக் கொடுக்கற வாசகம். என்ன எழுதியிருக்குன்னு அவ கேட்டா. படிச்சுச் சொன்னேன். யாருக்குண்ணா திருப்பிக் குடுக்கறாங்க, நமக்கான்னு கேட்டா. ஆமாம்மான்னேன். நாம என்னைக்குண்ணா இவங்களுக்குக் குடுத்தோம்னா.

அப்புறம் கேமராக்காரர். ஒவ்வொரு தடவையும் வருவாரு. எல்லாரும் இந்தப் பக்கம் பாத்து சிரிங்கம்பாரு. எந்தப் பக்கம் சார்னு இவங்க மொத்தமா கேப்பாங்க. முதல் தடவை அது தமாஷா இருந்துச்சு. பத்தாவது தடவை இல்ல. ஏறிக்கிட்டிருக்கற ஆளை நிறுத்தி, அப்படியே இருங்க, வெளிச்சம் நல்லா இருக்கும்பாரு. மீன் பிடிச்சவரை, விடாதீங்க, மார்போட அணைச்சுக்குங்கம்பாரு. மீன் துடிக்குது அங்க. நான் மச்சினன்கிட்ட சண்டை போட்டேன். கேமராவைத் தூக்கி ஏரியில போடறேன்னேன். அவன் சொல்றான், மாமா, கயிறு யாரு குடுத்தது, யோசிச்சுப் பேசுங்கன்னு. என் வீட்டுல நின்னுக்கிட்டு என்கிட்ட.

ஆமா மேடம், நிறுத்தினதுக்கு அதுவும் ஒரு காரணம்னு எழுதிக்குங்க. கேமரா. எழுதிட்டீங்களா?

என்ன பதிவேடு? ஓ, சம்பவப் பதிவேடா. அது இங்கதான் இருக்கா. ஆமா, நாங்க எழுதி மாசக் கடைசியில உங்களுக்கு அனுப்பணுமே. ஆமாமா, அது என் கையெழுத்துதான். தேதியும் அதுதான். கடைசியா கூட்டிட்டுப் போனது அன்னைக்குத்தான். படிங்க. பாறை உச்சியில் பங்கேற்பாளர் ஒருவர் பயந்து உறைந்து நின்றுவிட்டார், வழிகாட்டி மேலே சென்று பத்திரமாக இறக்கினார், காயம் ஏதும் இல்லை. ஆமா. நான்தான் எழுதினேன். அந்தப் பங்கேற்பாளர் ஆபரேட்டர்தான்.

என்ன நடந்துச்சுன்னா, அன்னைக்குக் கம்பெனிலேருந்து பதினஞ்சு பேரு வந்திருந்தாங்க, பெரிய மேனேஜரு ஒருத்தரோட. அவங்க பஸ் பன்னெண்டு மணிக்குக் கிளம்பணும். நல்லா ஏறறவங்க யாராவது முதல்ல ஏறிக் காட்டட்டும்னாங்க. ஆபரேட்டரைக் கூப்பிட்டேன். கடகடன்னு ஏறிட்டா. எட்டு நிமிஷம்கூட ஆகல. மேல அரை அடி அகலத்துக்கு ஒரு விளிம்பு இருக்கு, அதுல நின்னாச்சு. அங்கேருந்து இறங்கணும்னா, உங்களுக்குத் தெரியுமே, கயிறு அவ இடுப்புலேருந்து மேல போய் இரும்பு வளையத்துல பூந்து கீழ வந்து என் கையில இருக்கும். அவ ரெண்டு கையையும் விட்டுட்டுப் பின்பக்கமா சாஞ்சு அந்தரத்துல உக்காரணும். நான் மெதுவா இறக்குவேன். நாலு வருஷத்துல நூறு தடவை சாஞ்சிருப்பா.

அன்னைக்குச் சாயல. அண்ணா, மேல வாங்கன்னா. என்னம்மான்னேன். ஒண்ணும் இல்ல, மேல வாங்கன்னா. எனக்கு எரிச்சல். மேனேஜரு மணியைப் பாக்கறாரு, கேமராக்காரரு கழுத்தைத் தூக்கிட்டு நிக்கறாரு. கையை விடும்மான்னு கத்தினேன். விடல. நான் புடிச்சிருக்கேன், நம்பும்மா, கையை விடும்மான்னேன். பாறையோட ஒட்டிக்கிட்டு நிக்கறா. கம்பெனிக்காரங்க எல்லாம் கைதட்ட ஆரம்பிச்சுட்டாங்க. விடு, விடு, விடுன்னு தாளம் போட்டுக்கிட்டு. வாத்தியாரும் கத்தறாரு, பயப்படாத, அண்ணன் இருக்காரு, விட்டுடுன்னு. நானும் விடல. இத்தனை வருஷமா ஏறற, இன்னைக்கு என்ன புதுசா பயம், ஊரு முன்னாடி மானத்த வாங்காத, கையை விடுன்னேன். அந்த வார்த்தையச் சொன்னேன் மேடம், மானத்த வாங்காதன்னு. அவ மறுபடியும் அதேதான். லைன்ல இருங்கண்ணா, ஆனா மேல வாங்கன்னா.

பதினோரு நிமிஷம். அப்புறம் மச்சினன் கையில கயிறைக் குடுத்துட்டு, பின்பக்கப் பாதையில ஏறிப்போய், மேல இன்னொரு கயிறு கட்டி அவ பக்கத்துல இறங்கினேன். இறங்கி, அவளைக் கீழ கொண்டுவந்தேன். கீழ வந்ததும், பயந்துட்டேன், மன்னிச்சுக்கோங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னா. ஒரே கைதட்டு. கம்பெனிப் பத்திரிகையில போட்டோவோட போட்டாங்க, பயத்தை வென்ற பெண்ணுன்னு. ஆளுயரத்துக்குப் பெருசு பண்ணி அவங்க ஆபீஸ் வாசல்ல மாட்டியிருக்காங்களாம். மச்சினன் போய்ப் பாத்துட்டு வந்து பெருமையா சொல்றான்.

இல்ல மேடம். அதுக்காக நிறுத்தல. ஒருத்தர் பயந்தா நிறுத்திடுவாங்களா? பயப்படாம யாரு ஏறறாங்க?

இருங்க, சொல்றேன். தண்ணி இருந்தா குடுங்க.

போன செவ்வாய்க்கிழமை அவ கடைக்கு வந்தா. தனியா. நான் நிறுத்தின அப்புறம் ஏழெட்டுத் தடவை போன் பண்ணினா, நான்தான் எடுக்கறதில்ல. வீட்டுக்காரிய விட்டுப் பேசச் சொல்வேன். அதனால நேராவே வந்துட்டா. சண்டை போட வந்திருக்கான்னு நினைச்சேன். சண்டை எல்லாம் இல்ல. பையிலேருந்து ஒரு கடிதாசு எடுத்து நீட்டினா. அண்ணா, ஆபீஸ்லேருந்து வந்திருக்கு, படிச்சுச் சொல்லுங்கன்னா. உங்க ஆபீஸ்தான் மேடம். உதவி வழிகாட்டித் தேர்வு எழுத அவ விண்ணப்பம் போட்டிருந்திருக்கா. எனக்கே தெரியாது. பாஸ் பண்ணிட்டா சங்கத்துல புதுசா வர்றவங்களுக்கு அவளே பாறையில சொல்லிக் குடுக்கலாம், என்கூட நின்னு. பதில்தான் அது. உங்களுக்கு முன்னாடி இருந்த அதிகாரி கையெழுத்து போட்டது.

நின்னுக்கிட்டே படிச்சேன். உயரத்தில் பயந்து செயலிழந்ததாக உரிமம் பெற்ற வழிகாட்டியே பதிவு செய்துள்ளதால்னு இருந்துச்சு. அங்க நிறுத்திட்டேன். படிங்கண்ணான்னா. தங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலாது, ஆட்சேபணை இருப்பின் இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் தெரிவிக்கவும். படிச்சு முடிச்சேன். தூண்டில் முள்ளு வாங்க வந்த ஒருத்தரு பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருக்காரு. அவ கடிதாச வாங்கி நாலா மடிச்சுப் பையில வச்சா. சரிண்ணா, வரேன்னா. படி இறங்கும்போது திரும்பி, அண்ணி நல்லா இருக்காங்களான்னு கேட்டுட்டுப் போனா. அவ்வளவுதான். திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன். மனசு ஆறியிருக்கும்.

நீங்க சொல்றது சரிதான். மேல போய் உறைஞ்சு நிக்கற ஆளுக்கு உதவி வழிகாட்டி லைசென்ஸ் எப்படிக் குடுக்கறது? குடுக்கக்கூடாது. பயந்திருந்தா குடுக்கக்கூடாதுதான்.

அவ பயப்படல மேடம்.

எங்க முடிச்சு எட்டு மாதிரி இருக்கும். முதல்ல கயித்துல எட்டு போட்டுட்டு, முனைய இடுப்பு பெல்ட்டுல விட்டு, வந்த வழியே அந்த எட்டு மேலயே திரும்ப முழுசா ஓட்டணும். பாதியில விட்டா, பாக்கறதுக்கு முடிச்சு மாதிரியேதான் இருக்கும். ஏறும்போது ஒண்ணும் ஆகாது. மொத்த பாரமும் விழும்போதுதான் உருவிக்கும். அன்னைக்கு நான் அவளுக்குக் கட்டிக்கிட்டிருக்கும்போது, சார், இங்க பாத்து ஒரு சிரிப்புன்னாரு கேமராக்காரர். நான் சிரிச்சேன். அவரைத் திட்டறேன், மச்சினனைத் திட்டறேன், கம்பெனியத் திட்டறேன், ஆனா சிரிச்சது நான்தானே? தொப்பையை எக்கிக்கிட்டு, மோவாய நிமித்தி வச்சுக்கிட்டு. மேனேஜரு தோள்ல கை போட்டாரு, அதுக்கு ஒரு போட்டோ. அப்புறம் திரும்பி, கட்டியாச்சு, கிளம்பும்மான்னேன். அவ கையைக் கொண்டுபோனா, வழக்கம்போல பாக்கறதுக்கு. நேரமாச்சு, நான் பாத்துட்டேன், கிளம்புன்னு நான்தான் கையத் தட்டி விட்டேன்.

மேல போய், சாயறதுக்கு முன்னாடி தடவிப் பாத்திருக்கா, முடிச்சு பாதியில நிக்குது. ஒரு கைய விட்டுத்தான் பாக்க முடியும், திருப்பிக் கட்டணும்னா ரெண்டு கை வேணும். அதனால நின்னுட்டா. நான் பக்கத்துல இறங்கினதும் என் கையைப் புடிச்சு அந்த முடிச்சு மேல வச்சா. நான் கீழ நின்னு பதினோரு நிமிஷம், கையை விடு, கையை விடுன்னு... அவ விட்டிருந்தா?

நான் கட்டி முடிக்கற வரைக்கும் என் தோளைப் புடிச்சுக்கிட்டிருந்தா. அப்புறம் காதோட சொன்னா, கீழ வாத்தியாரு இருக்காரு, புதுசா வந்தவங்க ஆறு பேர் இருக்காங்கண்ணா, இது தெரிஞ்சா இனிமே யாரும் உங்க கையால கயிறு கட்டிக்க மாட்டாங்க. நான் பயந்துட்டேன்னு சொல்லிக்கறேன், நீங்க வாயத் திறக்காதீங்கன்னா. நான் திறக்கல. கைதட்டினப்ப திறக்கல, பத்திரிகையில வந்தப்ப திறக்கல. சாயந்திரம் கொட்டகையில உக்காந்து அந்தப் பதிவேட்டை எடுத்து, நல்ல கையெழுத்துல, பயந்து உறைந்து நின்றுவிட்டார்னு எழுதினேன். வெறுமனே ஒருவரை இறக்கினேன்னு எழுதியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அப்படி எழுதத் தோணல எனக்கு. வழிகாட்டி மேலே சென்றுன்னு என்னைப் பத்தி எழுதிக்கிட்டேன் பாருங்க.

அடுத்த சனிக்கிழமை போயிருந்தா அவ அங்க நிப்பா. ரெண்டு விரல்ல முடிச்சைப் பாத்துட்டு, சரி போங்கன்னு தட்டுவா, ஒண்ணுமே நடக்காத மாதிரி. அதுக்கு முன்னாடி நிக்க எனக்குத் தெம்பு இல்ல. கயிறு, மழை, முட்டி எல்லாம் அதுக்குத்தான். இந்த மனுவுல முதல் கையெழுத்து யாருதுன்னு பாருங்க. அவளுதுதான். நடந்தது தெரிஞ்ச ஒரே ஆளு, அவ போய் முதல்ல போட்டிருக்கா, நான் திரும்பி வரணும்னு. அதப் பாத்ததும் எனக்கு அப்படி ஒரு கோவம் வந்துச்சு, வீட்டுல தட்டு ஒண்ணு உடைஞ்சுபோச்சு. வீட்டுக்காரி என்னன்னு கேட்டா. நேத்து வீட்டுக்காரிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவ சொன்னது ஒண்ணுதான், இன்னைக்குத் தேதி இருபத்தெட்டுன்னா.

என் லைசென்ஸ என்ன பண்ணணுமோ பண்ணிக்குங்க. ஆறு மாசமோ, ஒரு வருஷமோ, மொத்தமாவோ, புத்தகத்துல என்ன இருக்கோ அதப் போடுங்க. மறுக்க மாட்டேன். சங்கத்துல நானே போய்ச் சொல்லிக்கறேன், வாத்தியாருகிட்டதான் முதல்ல. அவளோட விண்ணப்பத்தை மட்டும் முப்பதுக்குள்ள மறுபடியும் பரிசீலனைக்கு எடுங்க மேடம்.

வாக்குமூலமா? எழுதிக்குங்க. முடிச்சு தப்பு. கட்டினது வழிகாட்டி. ஏறினவங்க அதைக் கண்டுபிடிச்சு, அவங்களும் பொழைச்சு, வழிகாட்டியையும் காப்பாத்தினாங்க. கண்டுபிடிச்சாங்கன்னு மரியாதையாவே எழுதுங்க. இல்ல, வேணாம், பேனாவக் குடுங்க, நானே எழுதறேன்.

பழைய வரிய அடிக்காதீங்க மேடம். அது அப்படியே இருக்கட்டும். நான் என்ன எழுதினேன்னு படிக்கறவங்களுக்குத் தெரியணும்ல? கீழ இடம் இருக்கு, கீழ எழுதறேன்.